டப்பாவுக்குள் இல்லாத கேக்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் மாளிகைகளைக் கொண்டு அளக்கக் கூடாது, படைகளைக் கொண்டும் அளக்கக் கூடாது. அங்கே ஒரு சாதாரண உணவு டப்பாவின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது, அது மெய்யா பொய்யா என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். மனிதனுக்கு மனிதன் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதிகளில் லேபிளைவிடப் புனிதமானது வேறில்லை.

உணவுப் பாதுகாப்புத் துறையின் துணை இயக்குநர் ஒருவர் தம்முடைய பணி ஓய்வு விழாவில் இப்படிப் பேசினார். பாதியிலேயே ஒலிபெருக்கி நின்றுவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த ஊழியர்களும் சரிசெய்ய எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் பின்வரிசையில் சிற்றுண்டிப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பொட்டலத்தின் மேல் லேபிள் எதுவும் இல்லை.

துறையில் அவரை முகத்துக்கு நேரே ‘சார்’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘ஷரத்து’ என்பார்கள். தம் பணிக்காலம் முழுவதிலும் சட்டப் புத்தகத்துக்கு அவர் அளித்தது ஒரே ஒரு ஷரத்துதான். ஆனால் அதைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். உண்மையிலேயே அவர் பெற்ற மகள் ஒருத்தியும் இருந்தாள். அவள் ஷரத்துக்கு இளையவள்.

உணவுப் பொதியின் மேல் அச்சிடப்படும் படம் பொதிக்குள் உள்ள பொருளையே காட்ட வேண்டும், பொதிக்குள் இல்லாத எதையும் காட்டலாகாது. இதுதான் அந்த ஷரத்து. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு அவர் சூப் பாக்கெட்டுகளின் மேல் நின்றிருந்த கோழிகளை விரட்டினார். பழரசப் பவுடரின் மேலிருந்த ஆரஞ்சுப் பழங்களை நாடு கடத்தினார். ஒருமுறை காபித்தூள் டப்பா ஒன்றின் மேல் ஒரு மலை இருந்தது. டப்பாவைத் திறக்க வைத்து, ‘உள்ளே மலை காணப்படவில்லை’ என்று குறிப்பெழுதிச் சரக்கை நிறுத்தினார். அந்தக் குறிப்பு இன்றைக்கும் துறையின் பயிற்சி வகுப்புகளில் வாசிக்கப்படுகிறது. எதற்கு உதாரணமாக வாசிப்பது என்பதில்தான் பயிற்றுநர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

அவர் ஓய்வு பெற்றதும் ஷரத்தும் ஓய்வு பெற்றது. யாரும் அதை நீக்கவில்லை. நீக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு குழு கூட வேண்டும், குழு கூட வேண்டுமென்றால் அறை ஒன்று காலியாக இருக்க வேண்டும். அதனால் புத்தகத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு, துறைமுகத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கோழிகளும் பழங்களும் சத்தமில்லாமல் திரும்பி வந்தன. மலையும் வந்தது.

இந்த விவரம் எதுவும் அவருக்குத் தெரியாது. கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற வேலையெல்லாம் அவர் மனைவி பார்த்துக்கொண்டார்.

அவருடைய மருமகன் கேக் சாமான் கடை வைத்திருந்தான். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, கண் மருத்துவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ரயில் பெட்டி மாதிரி நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்த இடம். தகர அச்சுகள், காகிதக் கிண்ணங்கள், கிரீம் பிழியும் பைகள், எசன்ஸ் பாட்டில்கள், அளவுக் கரண்டிகள் என்று தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருப்பான். பேக்கரிக்காரர்கள் காலையில் வருவார்கள், வீட்டிலேயே கேக் செய்து விற்கிற பெண்கள் பிற்பகலில் வருவார்கள். கேக் ஏன் நடுவில் குழிந்தது, ஏன் ஒருபக்கம் மட்டும் சிவந்தது என்று நோயாளி மருத்துவரிடம் சொல்வதுபோல அவனிடம் சொல்வார்கள். அவனும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுப்பை மெதுவாகத் திறக்கச் சொல்வான். உலகத்தில் ஒரு விஷயத்தைப் பற்றித் தன்னிடம் நாலு பேர் வந்து கேட்கிறார்கள் என்பதில் அவனுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஏனென்றால் அதற்கு முன்பு அவன் தன் அண்ணனின் குழாய்க் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எல்போ, வால்வு, வாஷர் என்று எடுத்துக் கொடுக்கிற வேலை. வாடிக்கையாளர் அவனிடம் ஏதாவது கேட்டால், உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வரும்: “அவன்கிட்டக் கேக்காதீங்க. அவனுக்கு முக்கா இஞ்சுக்கும் ஒரு இஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது.” தெரியும். ஆனால் தெரியும் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் வாடிக்கையாளர் அண்ணனிடம் போயிருப்பார். கல்யாணமாகி வந்த மனைவி இதை ஒருநாள் நேரில் பார்த்தாள். மறுநாள் கடைக்கு இடம் தேட ஆரம்பித்தாள்.

அவன் கிளம்பும்போது அண்ணன் சிரித்துக்கொண்டேதான் வழியனுப்பினார். “போயிட்டு வாடா, மாவு. இந்த ஸ்டூல்ல வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன். உனக்காக அப்படியே கெடக்கும்.” கேட்டவர்களுக்கெல்லாம் அது பாசமாகப் பட்டது. அவனுக்கு மட்டும் மிரட்டலாகப் பட்டது. அன்றிலிருந்து ‘மாவு’ என்பதே குடும்பத்தில் அவன் பெயராகிவிட்டது. எது போனாலும் போகட்டும், அந்த ஸ்டூலுக்கு மட்டும் திரும்பிப் போகக் கூடாது என்பதே அவனுடைய ஒரே வேண்டுதல்.

பேக்கிங் பவுடரில்தான் வினை வந்தது. மொத்த வியாபாரி கொடுத்துவந்த பவுடர் கட்டி கட்டியாக இருந்தது, கேக் எழும்பவில்லை. பேக்கரிக்காரர்கள் சப்பையான கேக்குகளைக் கொண்டுவந்து சாட்சிப் பொருள்போல மேசையில் வைத்தார்கள். மாவு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றைத் தேடிப் பிடித்து, சாம்பிள் வரவழைத்துப் பார்த்தான். வீட்டில் செய்த கேக் அடுப்பின் மேல்தட்டைத் தொட்டது. ஒரு கன்டெய்னர் நிறைய இறக்குமதி செய்வது என்று முடிவானது. செய்தி கேட்ட மொத்த வியாபாரி, பேக்கிங் பவுடரை மட்டுமல்ல, எசன்ஸ், காகிதக் கிண்ணம், கிரீம் பவுடர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். இறக்குமதி செய்கிற பெரிய மனுஷனுக்கு நான் எதற்கு என்று ஆள்விட்டுச் சொன்னார். இனி கன்டெய்னர் வந்தால்தான் கடை. வராவிட்டால் ஸ்டூல்.

இந்த நிலையில்தான் மாமனார் தாமாகவே முன்வந்து கடையின் ஆலோசகரானார். மாப்பிள்ளை சங்கடப்படக் கூடாது என்பதற்காக அவனைக் கேட்காமலே பொறுப்பேற்றுக்கொண்டதாகச் சொன்னார். கடையின் முன்பகுதியில், அச்சுகள் அடுக்கியிருந்த இடத்தைக் காலிசெய்து, ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, ஒரு மணி, ‘ஆலோசகர்’ என்ற பெயர்ப்பலகை எல்லாம் வந்தன. வாடிக்கையாளர்கள் அவர்தான் கல்லா என்று நினைத்துப் பணத்தை நீட்டினார்கள். அவர் அதைப் பார்த்த பார்வையில் ஒன்றிரண்டு பேர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போனார்கள்.

துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துக் கொடுக்க ஒரு கிளியரிங் ஏஜென்டைப் பிடித்திருந்தார்கள். இரண்டு போன், ஒரு தோல்பை, எல்லோரையும் ‘தலைவரே’ என்று கூப்பிடுகிற பழக்கம். அவர் மாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் தொழில் ரகசியத்தைச் சொன்னார். “தலைவரே, பெரியவர் பேரை எங்கயும் எடுக்காதீங்க. சரக்கு சாதாரணமா உள்ள போகணும், சாதாரணமா வெளிய வரணும். யார் கண்ணுலயும் படாம இருக்கிறதுதான் சரக்குக்கு அழகு.”

மாவு தலையாட்டினான். ஆனால் அதற்குள் மாமனார் தம் பழைய துறைக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். நகலை மாலையில் கடையிலேயே நின்றுகொண்டு வாசித்தும் காட்டினார். இந்தத் துறையில் தாம் ஆற்றிய பணியைப் பற்றி ஒரு பத்தி. நேர்மையைப் பற்றி ஒரு பத்தி. கடைசிப் பத்தி இது: ‘இச்சரக்கு என் மருமகனுடையது என்பதற்காக எவ்விதச் சலுகையும் காட்டலாகாது. சட்டப் புத்தகத்தின் ஒவ்வொரு ஷரத்தும், முழுக் கடுமையுடன் இதன்மீது பாய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.’

“இப்படி எழுதினாத்தான், மாப்பிள்ளை, அதிகாரிங்க உருகிப் போவாங்க,” என்று விளக்கினார். “கடிதத்தைப் பார்த்ததும் அன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவாங்க பாருங்க.”

எசன்ஸ் வாங்க வந்து நின்றிருந்த பெண் கை தட்டினாள். எசன்ஸ் இல்லை என்று அவளிடம் சொல்ல மாவுக்கு நேரமாயிற்று.

கடிதத்தைப் பார்த்து யாரும் உருகவில்லை, நடுங்கினார்கள். சரக்குப் பிரிவில் இருந்த அதிகாரி அம்மா ஷரத்திடம் வேலை பழகியவர். அவர் காலத்தில் ஃபைலில் ஊசி குத்திய கோணம் சரியில்லை என்று நின்றுகொண்டே திட்டு வாங்கியவர். கடிதம் ஃபைலில் ஏறிவிட்டது. இனி இந்தச் சரக்கை யார் விட்டாலும் சலுகை காட்டியதாக ஆகும். அதனால் தூங்கிக்கொண்டிருந்த ஷரத்துகள் எல்லாவற்றையும் தட்டி எழுப்பி, ஒவ்வொன்றாக டப்பாவின் மேல் வைத்துப் பார்த்தார்கள்.

டப்பா அழகாக இருந்தது. உருண்டையான தகர டப்பா, சிவப்பு மூடி. நடுவில் மூன்றடுக்குக் கேக் ஒன்று, மேலே வெண்மையாகக் கிரீம், அதன்மேல் செர்ரிப் பழங்கள், பக்கத்தில் வெட்டி வைத்த ஒரு துண்டு. அதிகாரிகள் டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே வெள்ளைப் பொடி இருந்தது. ‘உள்ளே கேக் காணப்படவில்லை’ என்று குறிப்பெழுதினார்கள். கிரீமையும் செர்ரியையும் தனித்தனி வரிகளில் குறித்தார்கள்.

மாவு அதிகாரி அம்மாவைப் போய்ப் பார்த்தான். அவர் அவனுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார், அதுவே நல்ல சகுனமில்லை என்று அவனுக்குப் பட்டது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: “தம்பி, சார் மட்டும் அந்தக் கடிதத்தை எழுதாம இருந்திருந்தா, உங்க டப்பாவை நான் கையில எடுத்தே பார்த்திருக்க மாட்டேன்.”

ஸ்டிக்கர் ஒட்டிக் கேக்கை மறைத்துவிடலாமா என்று கேட்டான். முடியாதாம். அந்த ஷரத்துக்கு சார் ஒரு விளக்கக் குறிப்பும் எழுதியிருக்கிறார், ‘மறைக்கப்பட்ட பொய்யும் பொய்யே.’ திருப்பி அனுப்பலாமா என்று கம்பெனிக்கு எழுதினான். அவர்களுடைய பதிலில் வருத்தம் நிறைய இருந்தது, சம்மதம் இல்லை. தங்கள் டப்பாவின் மேல் கேக் இருப்பதில் என்ன தவறு என்பது தங்களுக்கு இன்னும் புரியவில்லை என்றும், புரிந்துகொள்ள ஆவலாக இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. அதையும் அதிகாரி அம்மாவே சொல்லிக் கொடுத்தார். ஒரு ஷரத்து எந்தப் பொருளுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதில் சந்தேகம் வந்தால், அதை எழுதியவரின் கருத்தை விசாரணைக் குழு கேட்கலாம். சார் வந்து ஒரு வரி சொன்னால் போதும், ‘இந்த ஷரத்து பேக்கிங் பவுடருக்குப் பொருந்தாது.’ மற்றதைக் குழு பார்த்துக்கொள்ளும். குழுவில் இருக்கிற எல்லோருக்கும் இந்தச் சரக்கு கண்ணைவிட்டுப் போனால் போதும் என்றிருக்கிறது.

வீட்டில் அன்றிலிருந்து பாடம் நடந்தது. மகள்தான் ஆசிரியை. காலையில் காபியைக் கையில் கொடுக்காமல் நின்றுகொள்வாள்.

“சொல்லுங்கப்பா.”

“இந்த ஷரத்து, அதன் பரந்த நோக்கத்தைக் கருத்தில் கொண்டு பார்க்கையில்…”

“நோக்கமெல்லாம் வேண்டாம். அந்த ஒரு வரி.”

“இந்த ஷரத்து பேக்கிங் பவுடருக்குப் பொருந்தாது,” என்று அவர் பல்லைப் பிடுங்குகிறவன் எதிரே உட்கார்ந்திருப்பதுபோலச் சொல்வார். காபி கிடைக்கும். மாவு இதையெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். மாமனாரிடம் நேரில் எதுவும் சொல்ல அவனுக்கு வராது. ‘சரிங்க மாமா’ என்பதற்கு மேல் அவரிடம் அவன் பேசிய பேச்சே கிடையாது. ஒருநாள் துணிந்து, “மாமா, உங்களைத்தான் நம்பியிருக்கேன்,” என்றான். அவர் அவன் தோளைத் தட்டி, “எல்லாரும் அப்படித்தான் மாப்பிள்ளை,” என்றார்.

விசாரணை அறை பெரியதாக இருந்தது. நீள மேசை, அதன் ஒருபக்கம் குழு, மறுபக்கம் மாவும் மாமனாரும் ஏஜென்டும். மேசையின் நடுவில் டப்பா. அதைச் சுற்றி ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒவ்வொன்றின் லேபிளிலும் பனி மூடிய மலை. ஷரத்து உள்ளே நுழைந்ததும் குழு எழுந்து நின்றது. அவருக்கு அது பிடித்திருந்தது. உட்காரச் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. அதிகாரி அம்மா கேள்வியைக் குழந்தைக்குச் சோறு பிசைந்து கொடுப்பதுபோலப் பிசைந்து கொடுத்தார். பேக்கிங் பவுடர் நேராகச் சாப்பிடும் பொருள் அல்லவே, அதைக் கொண்டு கேக் செய்கிறார்கள் அல்லவா, ஆகவே இந்த ஷரத்து இதற்கு, என்று இழுத்து நிறுத்தினார். மிச்சம் ஒரே ஒரு சொல்தான். ஷரத்து தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். மாவு மேசைக்கு அடியில் தன் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து, குழுவில் கடைசி நாற்காலியில் இருந்த இளம் அதிகாரி ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல மனசுக்காரர். பெரியவருக்குத் தர்மசங்கடம் வேண்டாமே என்று நினைத்தார்.

“இது ஏதோ அந்தக் காலத்துல அவசரத்துல எழுதினது சார். டப்பா மேல கேக் படம் போட்டிருந்தா உள்ள கேக் இருக்கும்னு நினைக்கிற முட்டாள் யாராவது இருப்பாங்களா?”

ஷரத்து திறந்த வாயை மூடினார். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு எழுந்து நின்றார். ஏஜென்ட் தன் இரண்டு போன்களையும் எடுத்துத் தோல்பைக்குள் வைத்தார். அனுபவசாலி.

அதன் பிறகு அவர் பேசியதை அந்த அறையில் இருந்தவர்கள் எவரும் மறக்க மாட்டார்கள். முட்டாள் என்று யாரைச் சொல்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். நாள் முழுதும் உழைத்துவிட்டு, மங்கிய விளக்கு வெளிச்சத்தில் கடை வாசலில் நிற்கிற ஒரு சாமானியனை வருணித்தார். அவன் கண் படத்தைப் பார்க்கிறது, நாக்கு ஊறுகிறது, கை காசை எடுக்கிறது. வீட்டில் அவன் குழந்தை டப்பாவைத் திறக்கிறது. உள்ளே என்ன? பொடி. அந்தக் குழந்தையின் முகத்தை நீங்கள் பார்த்ததுண்டா என்று குழுவைக் கேட்டார். குழு பார்த்ததில்லை. இன்று பேக்கிங் பவுடருக்குப் பொருந்தாது என்பீர்கள், நாளை சூப்புக்குப் பொருந்தாது என்பீர்கள், கோழி திரும்பி வரும் என்றார். அவர் வாழ்நாளில் ஒலிபெருக்கி இல்லாமலே எல்லோருக்கும் கடைசிவரைக்கும் கேட்ட ஒரே பேச்சு அதுதான். முடிவில், “எனவே இந்த ஷரத்து வேறு எதற்குப் பொருந்தாவிட்டாலும் பேக்கிங் பவுடருக்குப் பொருந்தும்,” என்று மேசையைத் தட்டினார். டப்பா ஒரு துள்ளுத் துள்ளியது.

முதலில் கை தட்டியவர் அந்த இளம் அதிகாரிதான். அதிகாரி அம்மா தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். முடிவை எழுதுவதற்கு முன் ஒருமுறை நிறுத்தி மாவைப் பார்த்தார். இறக்குமதியாளர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று முறைப்படி கேட்டார். மாவு எழுந்தான். சொல்வதற்கு அவனிடம் நிறைய இருந்தது. அடுப்பின் மேல்தட்டைத் தொட்ட கேக் இருந்தது, காலி அலமாரிகள் இருந்தன. பக்கத்தில் மாமனார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பரிசு வாங்கிய மாணவன்போல உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணுமில்லைங்க,” என்றான் மாவு.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது மாமனார் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

“நல்லாப் பேசினேனா மாப்பிள்ளை?”

“நல்லாப் பேசினீங்க மாமா.”

“அந்தக் குழந்தை விஷயம் அப்பத்தான் மனசுல வந்துச்சு. எழுதி வச்சுப் பேசினது இல்ல.”

வீட்டில் மகள் கேட்டாள், அந்த ஒரு வரியைச் சொன்னீர்களா என்று. சொன்னேன், ஆனால் சின்னத் திருத்தத்தோடு என்றார். அவள் அன்றைக்கு அவருக்குக் காபி போடவில்லை. கோபத்தை அதைவிடப் பெரிதாகக் காட்டுவதற்கு அந்த வீட்டில் வழக்கம் இல்லை. அவருடைய மனைவி போட்டுக் கொடுத்தார்.

மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டார்கள். அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்தது, நடுவில் கொஞ்ச நாள் யார் மேசையிலும் இல்லாமல் இருந்தது. பேக்கிங் பவுடர் என்றைக்கும் கெடாத பொருள் இல்லை. டப்பாவுக்கு அடியில் அச்சிட்டிருந்த தேதி கிடங்குக்குள் இருந்தபடியே நெருங்கிக்கொண்டிருந்தது. பாதி ஆயுள் கழிந்த சரக்கை உள்ளே விடலாகாது என்று வேறொரு விதி இருக்கிறது. அது வேறொருவர் எழுதியது, அவரும் எங்கேயோ நிம்மதியாக ஓய்வில்தான் இருக்கிறார். மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்குள் அந்த விதி வந்துவிட்டது. சரக்கை அழிக்க உத்தரவானது.

கடையில் ஒவ்வொரு அலமாரியாகக் காலியாகிக்கொண்டே வந்தது. பேக்கரிக்காரர்கள் முதலில் வந்து விசாரித்தார்கள், பிறகு சாலையின் எதிர்ப்பக்கமாக நடந்து மொத்த வியாபாரியிடம் போனார்கள். பிற்பகல் பெண்களில் ஓரிருவர் மட்டும் வந்து, சாமான் வாங்காமல், கேக் குழிந்த கதையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுப்பை மெதுவாகத் திறங்கள் என்று அவனும் சொன்னான். ஆலோசகர் மேசை மட்டும் அப்படியே இருந்தது. மணியை அடித்தால் இப்போது கடை முழுவதும் எதிரொலித்தது.

ஒருநாள் அண்ணன் வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, அலமாரிகளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். கேலி செய்வார் என்று மாவு தயாராக நின்றான். அவர் கேலி செய்யவில்லை. சுவரில் ஒழுகிய குழாயைத் தட்டிப் பார்த்து, வாஷர் போயிருக்கிறது என்றார். போகும்போது வாசலில் நின்று, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“ஸ்டூலுக்குப் புது ரெக்ஸின் போட்டிருக்கேன்டா. பழசு ரொம்பக் கிழிஞ்சு போச்சு.”

மாவு சரிண்ணா என்றான். அன்று மாலை கட்டட உரிமையாளரிடம் கடையைக் காலி செய்வதாகச் சொன்னான். மனைவி மட்டும் இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்றாள். எதைப் பார்ப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அளவுக் கரண்டிகளைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள்.

அழிப்பு நடக்கும்போது இறக்குமதியாளர் உடன் இருக்க வேண்டும், சாட்சி ஒருவரும் வேண்டும். ஏஜென்டுக்கு அன்று வேறு கன்டெய்னர் இருந்தது. மாமனார் தாமே வருகிறேன் என்றார். ஷரத்து வெறும் காகிதமாக நின்றுவிடாமல் கடைசிவரை நிறைவேற்றப்படுவதைப் பார்க்கிற வாய்ப்பு பணியில் இருந்தபோதுகூட அமையவில்லை என்றார். சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டார்.

ஊருக்கு வெளியே, வேலி போட்ட ஒரு மைதானம். பெரிய குழி ஒன்று வெட்டியிருந்தார்கள். லாரியிலிருந்து டப்பாக்களை இறக்கி, மூடியைக் கழற்றி, கவிழ்த்துக்கொண்டே இருந்தார்கள். வெள்ளையாகப் பொடி புகைந்தது. காலி டப்பாக்கள் ஒருபக்கம் குவிந்தன, அத்தனையிலும் செர்ரி வைத்த கேக். அதிகாரி அம்மா குடை பிடித்துக்கொண்டு நின்றார், மாவின் பக்கம் திரும்பவே இல்லை. விதிப்படி, கொட்டிய சரக்கை யாரும் அள்ளிக்கொண்டு போகாதபடி அதன்மேல் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பாய்ச்சினார்கள்.

பேக்கிங் பவுடர்மேல் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அங்கிருந்தவர்களில் மாவுக்குத்தான் தெரியும். அவனைத்தான் யாரும் கேட்கவில்லை. குழி முதலில் முணுமுணுத்தது. பிறகு சீறியது. பிறகு வெள்ளை நுரை பொங்கிப் பொங்கி விளிம்புவரைக்கும் வந்து, விளிம்பையும் தாண்டி, மைதானத்தில் பரவியது. தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அதிகாரிகள் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். அதிகாரி அம்மாவின் குடை நுரைக்குள் விழுந்தது.

மாவு மட்டும் அசையாமல் நின்று பார்த்தான். சரக்கு கெடவே இல்லை. பாதி ஆயுள் கழிந்த பிறகும் முதல் நாள் மாதிரியே இருந்தது. அந்த ஒரு குழியில் இந்த ஊர் பேக்கரிகளின் கேக் அத்தனையும் எழும்பியிருக்கும். நுரை அவன் கணுக்கால்வரை வந்து, கொஞ்ச நேரம் நின்று, மெல்ல அடங்கியது. அவன் அழிப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். நாளையிலிருந்து குழாய்க் கடை. அண்ணன் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்.

மாமனார் எங்கே என்று திரும்பினான். அவர் லாரிக்குப் பக்கத்தில், மூடி கழன்று உருண்டு வந்த டப்பா ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அதன் அடியில் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். அடுத்த நொடி முகம் கோணி, கைக்குட்டையை எடுத்து நாக்கை அழுந்தத் துடைத்தார். மாவு ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தான். அவர் வாய் கொப்பளித்துவிட்டு வாடகைக் காரில் ஏறினார்.

திரும்பி வரும் வழியில், ஓட்டுநருக்குக் கேட்காத குரலில், எல்லா டப்பாவும் இப்படித்தான் இருக்குமா, இல்லை இது மட்டும் கெட்டுப்போனதா என்று கேட்டார். எல்லாமே அப்படித்தான் மாமா இருக்கும் என்றான் மாவு.

டப்பாவின் மேல் கேக் படம் இருந்ததால், அது இனிக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.